பாலாடையில் ஒட்டாத கொசு மருந்து

திஸ்வாஹின் பால் கறக்க உட்கார்ந்தால் கொசுவுக்குக் கொண்டாட்டம். இரண்டு கையும் எருமையின் மடியில் இருக்கும். அடிக்க வேறு கை ஏது? கழுத்து, காது மடல், கணுக்கால் என்று பார்த்துப் பார்த்துக் கடிக்கும்.

சிபாயிஷ் சதுப்பில் தண்ணீர் ஏறி, நாணல் துளிர்விடும் காலத்தில் இது புதிதல்ல. எருமை வைத்திருக்கும் வீடுகளில் எல்லாம் அந்தியில் சாண வறட்டியைக் குவித்துப் புகைமூட்டம் போடுவார்கள். எருமைகள் தாமாகவே வந்து புகைக்குள் நின்றுகொள்ளும். மனிதர்களும் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதிலேயே பிழைப்பை நடத்துவார்கள். திஸ்வாஹின் வீட்டிலும் அப்படித்தான் இருந்தது, போன ஆண்டு அவள் கணவன் சாசிப் மூச்சுத் திணறி விழும்வரை. படகில் போட்டுக் கரைக்குக் கொண்டுபோய், அங்கிருந்து நாசிரியா ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். திரும்பி வரும்போது டாக்டர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: புகை ஆகாது.

அதனால் இந்த ஆண்டு மூட்டத்தை, தண்ணீருக்கு நடுவே வீடு நிற்கும் மேட்டின் மறுகோடிக்கு, காற்று தண்ணீர்ப் பக்கம் அடிக்கும் இடத்துக்கு மாற்றிவிட்டாள். கறந்து முடித்த எருமைகள் அங்கே போய் நின்றுகொண்டன. புகை வீட்டை விட்டுப் போனது. கொசு வீட்டுக்குள் வந்தது.

பக்கத்து மேட்டுப் பெண்கள் சொன்னதைக் கேட்டு, முதலில் எள்ளெண்ணெயில் மண்ணெண்ணெய் கலந்து கை கால்களில் பூசினாள். கொசு கிட்ட வரவில்லை. மறுநாள் காலை பாலாடைத் தட்டோடு சந்தைக்குப் போனாள். எருமைப்பாலைக் காய்ச்சி, ஆறவைத்து, மேலே திரளும் கெட்டி ஆடையை எடுத்து விற்பதுதான் அவள் தொழில். காலைச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஹாஜி மிஸ்ஹர்தான் வாடிக்கையாக வாங்குபவர். அவர் ஒரு விள்ளல் வாயில் போட்டு, அப்படியே நின்றார்.

"தங்கச்சி, இதைத் தொட்டு ரொட்டி திங்கறதா, இல்ல திரி போட்டு விளக்கேத்தறதா?"

கடையே சிரித்தது. அவள் தட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். வழியில் ஒரு நாய்க்குப் போட்டாள். அதுவும் மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிட்டது.

அடுத்து கொசுவத்திச் சுருள். நாணல் வீட்டுக்குள் நெருப்பு வைப்பது பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தும் வைத்தாள். பாயின் ஓரம் கருகியதோடு போயிற்று. ஆனால் அதுவும் புகைதான். சாசிப் இருமத் தொடங்கியதும் எடுத்துத் தண்ணீரில் வீசினாள். பிறகு மளிகைக்காரன் கொடுத்த எலுமிச்சம்புல் தைலம். மணம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வர்தா என்ற கறவை எருமைக்குப் பிடிக்கவில்லை. மூக்கை விரித்து முகர்ந்தது, பாலை மடிக்குள் இழுத்துக்கொண்டது, பாத்திரத்தை உதைத்தது. கடைசி எருமைக்குப் போவதற்குள் தைலத்தின் வீரியமும் தீர்ந்து, கொசு பழையபடி மொய்த்தது.

சாசிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "விடு புள்ள. நான் புகையிலயே பொறந்து வளர்ந்தவன். மூட்டத்தைப் பழைய எடத்துலயே போடு."

"உன்னைப் படகுல தூக்கிப் போட்டது நான். நீ நினைவில்லாம கெடந்தே. உனக்கென்ன தெரியும்?" என்றாள்.

மறுநாள் சந்தை முடிந்ததும் மருந்துக்கடைக்குப் போனாள். கடையை நடத்துபவள் இப்திஹால் என்ற இளம்பெண். திஸ்வாஹின் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினாள்.

"சித்தி, உங்களுக்கு மூணு வேணும். கொசு அண்டக்கூடாது, வாசம் இருக்கக்கூடாது, ரெண்டு வேளையும் கறவை முடியறவரைக்கும் நிக்கணும். சரியா?"

"நாலாவது, எருமை உதைக்கக்கூடாது."

இப்திஹால் சிரித்தாள். அலமாரியில் இருந்த ஒன்றைக் காட்டி, இது நன்றாக வேலை செய்யும், ஆனால் வாசம் உண்டு, பிளாஸ்டிக் வாளியில் பட்டால் அதையும் கெடுக்கும் என்று ஒதுக்கினாள். "இகாரிடின்னு ஒரு மருந்து இருக்கு. வாசமே தெரியாது. பாஸ்ராவுலேர்ந்து வரவழைக்கிறேன். பாட்டில் மேல இருக்கற படத்தைப் பாக்காதீங்க, பின்னாடி எழுதியிருக்கற பேரைப் பாருங்க. ஒரே படத்தைப் போட்டுத் தைலத்தண்ணி விக்கறவனும் இருக்கான்."

"உள்ளங்கையில?"

"கூடவே கூடாது. தேய்ச்சு முடிச்சதும் சோப்புப் போட்டுக் கழுவிட்டுத்தான் மடியைத் தொடணும். முழங்கைக்குக் கீழேயும் வேண்டாம், அங்க துணியால மூடிக்குங்க."

மருந்து வந்தது. அதுவரை மூன்று முறை ஏமாந்தவள், உடனே நம்பிவிடவில்லை. இடது காலில் மட்டும் தடவிக்கொண்டு, பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் ஓரம் போய் உட்கார்ந்தாள். வலது கால் தடித்துச் சிவந்தது. இடது காலில் ஒரு கொசு வந்து இறங்குவதுபோல் வட்டமடித்து, மனம் மாறிப் பறந்தது. அந்தக் கொசுவைப் பார்த்து அவள் வாய்விட்டுச் சிரித்தாள். உள்ளேயிருந்து சாசிப், "தனியா உக்காந்து என்ன சிரிப்பு?" என்று கேட்டான்.

மறுநாள் விடியலில் கழுத்திலும் காதிலும் காலிலும் தடவி, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வர்தாவின் அருகில் உட்கார்ந்தாள். வர்தா ஒருமுறை முகர்ந்தது. பிறகு நின்ற இடத்திலேயே அசைபோடத் தொடங்கியது. பால் இறங்கியது.

அந்தப் பாலின் ஆடையை ஹாஜி மிஸ்ஹரிடம் நீட்டியபோது, அவர் முதலில் மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தார். பிறகுதான் வாயில் போட்டார். பேரீச்சம்பாகை ஊற்றி வாடிக்கையாளர் முன் வைத்தார். வாடிக்கையாளர் தட்டை வழித்துத் தின்று முடிக்கும்வரை திஸ்வாஹின் வாசலைவிட்டு நகரவில்லை.

சாசிப்தான் கடைசிவரை முரண்டு பிடித்தான். "எருமைக்காரன் மேல செண்டு தடவறதா? ஊரு சிரிக்கும்."

"வாசமே இல்லாத செண்டு. எவன் மோந்து பாத்துச் சிரிக்கப் போறான்?"

அந்தியில் அவளே அவன் காலைப் பிடித்து இழுத்துத் தடவிவிட்டாள். வீட்டுக்கு வெளியே, நாணல் பாயில் உட்கார்ந்து இருவரும் சுட்ட மீன் சாப்பிட்டார்கள். உப்பு போதவில்லை என்று அவன் குறை சொன்னான். நீளமாகவே சொன்னான், நடுவில் ஒரு தடவைகூட இருமவில்லை.