நாயையும் நம்பாத ஸ்டெல்லாக்கா

ஸ்டெல்லாக்கா இறந்துவிட்டார் என்று செவ்வாய்க்கிழமை காலை தொழிற்சாலைக்குப் போன் வந்தது. ஹெப்பகோடியில் நான் வேலை செய்யும் இடத்தில் ஷிப்ட் நடுவே யாரையும் போனுக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டதுமே என் தம்பி முரளிக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து ஓடினேன். பேசியவர் ஸ்டெல்லாக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர். இரவு மூச்சுத்திணறல் வந்தது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று கன்னடத்தில் சொன்னார். நான் நம்பவில்லை. டாக்டர் பார்த்தாரா, கூட யார் இருந்தார்கள், எத்தனை மணிக்கு என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, "அவரும் இப்படித்தான் துருவித் துருவிக் கேட்பார்" என்றார். அதன் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அடக்கத்தின்போது ஒருவர் அவரை அன்பே உருவானவர் என்று பேசினார். அவர் பழக்கிக் கொடுத்த நாய்களை வாங்கிய குடும்பங்களிலிருந்து நாலைந்து பேர் அங்கே நின்றிருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் வீடுகளில் அவர் மூலைமுடுக்கெல்லாம் உற்றுப் பார்த்ததும், நாங்கள் சொன்ன எதையும் ஒரே தடவையில் ஏற்றுக்கொள்ளாததும் எங்களுக்குத்தானே தெரியும். அதை யாராவது எழுதி வைக்க வேண்டும்.

ஸ்டெல்லாக்கா எங்களுக்கு அறிமுகமானபோது முரளிக்கு இருபத்து மூன்று வயது. ஆட்டிசம் என்ற சொல்லே அவனுக்கு இருபது வயதானபோதுதான் எங்கள் காதில் விழுந்தது. பேச்சு மிகக் குறைவு. சத்தம் தாங்காவிட்டால் திடீரென்று ஓடுவான், இல்லாவிட்டால் தன் தலையிலேயே அடித்துக்கொள்வான். வழவழப்பான துணியைக் கண்டால் அவனால் தொடாமல் இருக்க முடியாது. சிவாஜிநகர் கடைத்தெருவில் ஒரு பெண்ணின் முந்தானையைத் தொட்டதற்காகப் பிக்பாக்கெட் என்று பிடித்து அடித்துவிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் உதடு கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு ஐந்து மாதம் நாங்கள் அவனை வாசல் தாண்ட விடவில்லை.

இந்தச் செய்தி எப்படியோ ஸ்டெல்லாக்காவுக்குப் போயிருந்தது. அவர் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை லாப்ரடார் நாய் ஒன்றுடன் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். வெளிநாட்டில் இப்படிப்பட்டவர்களுக்கு நாய்கள் துணையாக இருக்கின்றன, ஒரு டாக்டர் கொடுத்த வீடியோ கேசட்டைப் பார்த்துப் பார்த்துப் பழக்கியிருக்கிறேன், பணம் வேண்டாம் என்றார்.

"இது கடிக்குமா?" என்றார் அம்மா.

"நாய்னா கடிக்கும். இத ஒரு வருஷமா பாக்கறேன், இன்னும் யாரையும் கடிக்கல. அவ்ளோதான் சொல்ல முடியும்."

அவர் போனதும் அம்மா கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். "காசு வாணாங்கறா. அப்ப வேற என்னமோ வேணும் அவளுக்கு. ரெண்டு வாரம் கழிச்சு சர்ச்சுக்கு வாங்கன்னு கூப்புடுவா பாரு."

எனக்கும் அதே சந்தேகம்தான். முரளியைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி எண்ணெய் விற்றவர், மாத்திரை விற்றவர் என எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டோம். ஆனால் ஸ்டெல்லாக்கா குணமாகும் என்று ஒருநாளும் சொல்லவில்லை. கடைசிவரை சர்ச்சுக்கும் கூப்பிடவில்லை. ஒருநாள் நானே கேட்டுவிட்டேன், எதற்காக இதையெல்லாம் செய்கிறீர்கள் என்று.

"காரணம் சொன்னா நம்புவியா சாந்தி? நம்ப மாட்ட. அப்பறம் எதுக்கு சொல்லிக்கிட்டு" என்றார். எனக்கு அந்தக் காரணம் இன்றுவரை தெரியாது.

அந்த நாயின் பெயர் ஜிம்மி. அதன் உடம்பில் மாட்டிய பட்டையிலிருந்து ஒரு வார் முரளியின் இடுப்பு பெல்ட்டுக்கு வரும். அவன் ஓடப் பார்த்தால் ஜிம்மி அப்படியே தரையில் உட்கார்ந்துவிடும். அந்தக் கனம் அவனை நிறுத்தும். அவன் தலையில் அடித்துக்கொண்டால் மடியில் ஏறி முழு பாரத்தையும் போட்டுப் படுத்துக்கொள்ளும். கொஞ்ச நேரத்தில் அவன் கை தானாக இறங்கி அதன் காதைத் தடவ ஆரம்பிக்கும். மூன்றாவது வாரத்திலேயே அம்மா ஜிம்மிக்குத் தனித் தட்டு வாங்கிவிட்டார்.

ஆறாவது வாரம் ஸ்டெல்லாக்கா வந்து ஜிம்மியை அழைத்துக்கொண்டு போய்விட்டார். "இது வேணாம்" என்றதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. முரளி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. யாரோ பணக்காரர்களுக்கு விற்றிருப்பார் என்று நான் முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக்குச் சண்டை போடத்தான் போனேன். ஜிம்மி அவர் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது.

"வித்துட்டேன்னு நெனச்சியா?"

நான் குனிந்து ஜிம்மியைத் தொட்டேன்.

"போன வாரம் அவன் கத்தனப்போ இது ஒரு அடி பின்னாடி போச்சு. உதட்ட லேசா தூக்கிப் பல்ல காட்டுச்சு. நீ அடுப்பாண்ட இருந்த, பாக்கல. நான் பார்த்தேன்."

"ஒரு தடவைதானேக்கா?"

"ரெண்டாவது தடவைய பாக்கறதுக்கு ஒன் தம்பி மூஞ்சிய வெச்சு டெஸ்ட் பண்ண சொல்றியா?"

எட்டு மாதம் கழித்து வேறொரு நாயைக் கொண்டுவந்தார். லாப்ரடாரும் தெருநாயும் கலந்த ராணி. அதைக் கொடுக்கும் முன் அதன் காதருகே பாத்திரம் தட்டி, வாலை இழுத்து, குழந்தைகளை விட்டுக் கத்தச் சொல்லி, எல்லாச் சோதனையும் செய்திருந்தார். அப்படியும் முதல் மாதம் முழுக்க தினமும் வந்து உட்கார்ந்து பார்த்தார்.

பிறகு ஒருநாள் நானும் ஸ்டெல்லாக்காவும் ராணியோடு முரளியைச் சிவாஜிநகருக்குக் கூட்டிப் போனோம். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், ஆட்டோக்காரர்களும் மறுத்துவிட்டார்கள் என்பதால் எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரம் நடந்தே போனோம். பஸ் ஸ்டாண்டு அருகே ஒரு ஹாரன் அலறியதும் முரளி சாலையை நோக்கிப் பாய்ந்தான். ராணி உட்கார்ந்தது. வார் இறுகியது. நடைபாதை விளிம்பில் அவன் நின்றுவிட்டான். பஸ் எங்களைக் கடந்து போனது. கூட்டம் கூடியது. அடிக்கத்தான் வருகிறார்கள் என்று நான் அவனை மறைத்து நின்றேன். ஒரு துணிக்கடைக்காரர் நாயைப் பார்த்துவிட்டு, "பாவம், கண்ணு தெரியாதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன்.

ஸ்டெல்லாக்கா முந்திக்கொண்டார். "கண்ணு நல்லா தெரியும். கூட்டமும் சத்தமும் ஆவாது, அவ்ளோதான். இந்தத் தெருவுலதான் இவன அடிச்சாங்க." கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். திரும்பும் வழியில் நான் சந்தோஷத்தில் பேசிக்கொண்டே வந்தேன். அவர், "ஒரு தடவ நின்னான். பத்து தடவ நிக்கட்டும், அப்பறம் பேசு" என்றார்.

முரளி பத்து தடவைக்கு மேலும் நின்றான். இரண்டு வருடத்தில் ராணியோடு கடைக்குப் போய் பால் வாங்கி வரும் அளவுக்கு வந்தான். நானும் நிம்மதியாக ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தேன். அந்தச் சமயத்தில் வந்த ஸ்டெல்லாக்கா, ராணி முரளியின் இடது கன்னத்தை முகர்ந்துகொண்டே இருப்பதைக் கவனித்தார்.

"எத்தினி நாளா இப்படி பண்ணுது?"

"அது வெளையாடுதுக்கா. பத்து நாளா இருக்கும்."

அவர் முரளியின் முன்னால் உட்கார்ந்து, காத்திருந்து, மெல்ல வாயைத் திறக்க வைத்தார். உள்ளே கடைவாய்ப்பல் அழுகி ஈறு வீங்கியிருந்தது. பத்து நாளாக அந்த வலியோடுதான் அவன் பால் வாங்கப் போய் வந்திருக்கிறான்.

"நாய் வந்ததும் நீ அவனப் பாக்கறத விட்டுட்ட" என்றார். "நாய் பாத்துக்கும்னு நம்பிட்ட. நான் ஒன்ன நம்புனேன். தப்பு என்மேலதான்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு மாதம் அவரிடம் பேசவில்லை. பிறகு நானே போய் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் வெச்சுக்க. இந்த வாரம் அவன்கிட்ட என்ன பார்த்த, அத சொல்லு" என்றார். சொன்னேன். நம்பாமல் வீட்டுக்கு வந்து தானும் பார்த்துவிட்டுப் போனார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தப் பார்வையைத்தான். தினமும் வேலை முடிந்து வந்ததும் முரளியின் எதிரில் உட்கார்ந்து கை, கால், காது, வாய் என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். அவனுக்கு இது பிடிப்பதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வான். அடக்கம் முடிந்து வந்த அன்று, விட்டுவிடலாமா என்று இருந்தது. ஆனாலும் பார்த்தேன். இடது கை விரல் இடுக்கில் ஒரு சிறிய மரச்சிலாம்பு ஏறியிருந்தது. ஊசியால் எடுத்தேன். பிறகு விளக்கைப் போட்டு, முழுதாக வந்துவிட்டதா என்று இன்னொரு தடவை பார்த்தேன்.