டாக்டரம்மா காரின் பகல் விளக்கு

ஐந்து விரல்களையும் குவித்து விரித்து, மறுபடியும் குவித்து விரித்துக் காட்டுவார்கள். எதிரே வரும் லாரிக்காரர், பஸ் ஓட்டுநர், சைக்கிளில் மீன்கூடையோடு போகிறவர் என்று எல்லாருக்கும் அந்தச் சைகை ஒன்றுதான். உன் வண்டியில் லைட் எரிகிறது, அணை என்று அர்த்தம். எழுபதுகளில் மரக்காணம் சாலையில் அந்தச் சைகையை எங்கள் டாக்டரம்மா அளவுக்கு வேறு யாரும் வாங்கியிருக்க மாட்டார்கள். அவரும் சளைக்காமல், தெரிந்தவர் யாரோ வணக்கம் சொன்ன மாதிரி, ஒவ்வொருவருக்கும் சிரித்துக் கை அசைத்துவிட்டுப் போவார். விளக்கை மட்டும் அணைக்க மாட்டார்.

நான் அப்போது அங்கிருந்த சின்ன ஆஸ்பத்திரியில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ். பிரசவம் பார்க்க ஊர் ஊராகப் போகும்போது அவருடைய வெள்ளைக் காரில் நானும் போவேன். டாக்டரம்மா கெட்டிக்காரர். ஆனால் கார் ஓட்டுவதில் அந்தக் கெட்டிக்காரத்தனம் எதுவும் கிடையாது. கியர் மாற்றும்போது வண்டி அலறும். நான் கழுத்தில் கிடக்கும் சிலுவையைப் பிடித்துக்கொள்வேன். "ஏம்மா, இப்பவே ஜெபம் பண்ணாதே, பெருமுக்கல் தாண்டட்டும்" என்பார். கோபம் வந்தால் ஊரே அடங்கும். சிரித்தால் அந்தக் கோபத்தையெல்லாம் மன்னித்துவிடலாம் போலிருக்கும்.

பகலில் விளக்குப் போடும் பழக்கம் அவருக்கு ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் வந்தது. உப்பளத்துச் சாலையில் அந்த நேரத்து வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் பாத்திகளில் தண்ணீர் பளபளக்கும், வரப்போரம் உப்புக் குவியல்கள் கண்ணைக் குத்தும், தூரத்தில் தார்ச்சாலையே உருகி ஓடுவதுபோல் தெரியும். கடல்காற்று வீசினால் எஞ்சின் சத்தமும் கேட்காது. அன்று தலையில் உப்புக்கூடையோடு ஒருவர் வரப்பிலிருந்து நேராகச் சாலையில் ஏறிவிட்டார். டாக்டரம்மா பிரேக் அடித்தார். கூடை கவிழ்ந்து, காரின் முன்பக்கமெல்லாம் உப்பு. அந்த மனிதர், "வண்டி வர்றதே தெரியலம்மா. வெள்ளையோட வெள்ளையா வந்துட்டீங்க" என்றார். டாக்டரம்மா இறங்கிக் கூடையை நிமிர்த்திக் கொடுத்தார். பிறகு ஸ்டியரிங்கிற்குப் பக்கத்தில் இருந்த குமிழை இழுத்து விளக்கைப் போட்டார். அன்று முதல் கார் கிளம்பினால் விளக்கும் எரியும்.

பேட்டரி போய்விடும் என்றார் மெக்கானிக். இந்த ஊரில் வெயிலுக்கா பஞ்சம் என்று கேலி செய்தார் கம்பவுண்டர். எல்லாருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "லைட்டு நான் பாக்கறதுக்கு இல்லய்யா. என்னைப் பாக்கறதுக்கு." அதற்கு மேல் விளக்கம் கிடையாது. எனக்கும் உள்ளூரச் சிரிப்புத்தான்.

ஆனால் சிரிக்க முடியாத சிக்கல் ஒன்று இருந்தது. திண்டிவனம் பெரிய ஆஸ்பத்திரியில் யாராவது இறந்துபோனால், உடலை எங்கள் ஆஸ்பத்திரி ஜீப்தான் ஊருக்குக் கொண்டுவரும். அப்படி வரும்போது, பகலானாலும் ஜீப் ஓட்டுநர் விளக்கைப் போட்டுக்கொண்டுதான் வருவார். அது அவர் காட்டிய மரியாதை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் தூரத்தில் அந்த விளக்கைக் கண்டதும் உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்து நிற்பார்கள். யார் வீட்டுக்கோ என்று பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொள்வார்கள். இப்போது டாக்டரம்மாவின் காரைக் கண்டும் அப்படியே நின்றார்கள். போகப்போக, அந்தக் கார் தங்கள் வாசலில் நிற்பதையே சிலர் விரும்பவில்லை. பிரசவத்துக்குக் கூப்பிட்டனுப்புவதும் குறைந்தது. டாக்டரம்மா வெளியே காட்டிக்கொள்ளாவிட்டாலும் அது அவரை வாட்டியது எனக்குத் தெரியும்.

ஒருநாள் காலை உப்பளத்து ஓரக் குடிசை ஒன்றிலிருந்து ஆள் வந்தது. நிறைமாதப் பெண், வலி எடுப்பதற்கு முன்பே ரத்தம் போக ஆரம்பித்திருந்தது. ஜீப் வேறு ஊருக்குப் போயிருந்தது. நாங்கள் காரில் போய்ப் பார்த்தோம். உடனே திண்டிவனம் கொண்டுபோனால் இரண்டு உயிரும் தேறும், தாமதித்தால் இரண்டும் போய்விடும் என்ற நிலை. பெண்ணின் கணவர் வாசலை மறித்து நின்றார். உப்புத்தண்ணீரில் வெடித்த கால்கள், சிவந்த கண்கள்.

"எங்கப்பாவ அந்த லைட்டோடதான் கொண்டாந்து எறக்குனாங்க. இவள அதுல ஏத்த மாட்டேம்மா."

டாக்டரம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. காருக்குப் போய்க் குமிழை உள்ளே தள்ளினார். "அணைச்சிட்டேன்பா. வா, தூக்கு" என்றார்.

பின்சீட்டில் அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். கணவர் முன்னால். அதே உச்சிவெயில். டாக்டரம்மா இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, ஹாரனை அழுத்தியபடி ஓட்டினார். உப்பளத்துப் பாதையிலிருந்து லோடு லாரி ஒன்று, எங்களைப் பாராமல், சாலையில் ஏறியது. கார் வரப்போரம் சரிந்து, குலுங்கி, எப்படியோ மறுபடியும் சாலைக்கு வந்தது. அப்போது என் மடியிலிருந்து ஈனசுரத்தில் குரல் வந்தது.

"லைட்டப் போடுங்கம்மா. அவுரு சொல்றத உடுங்க."

டாக்டரம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுக்கவில்லை. கணவர் மனைவியைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். பிறகு, "எதும்மா அந்த லைட்டு?" என்று கேட்டுத் தன் கையாலேயே குமிழை இழுத்தார். பிரம்மதேசம் தாண்டும்வரை அந்தக் கை குமிழை விடவில்லை. எதிரே வந்தவர்கள் தூரத்திலேயே எங்களைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஒதுங்கிக்கொண்டே விரல்களைக் குவித்து விரித்துக் காட்டவும் தவறவில்லை.

பெண் பிழைத்தாள். பெண் குழந்தை. தாயையும் பிள்ளையையும் வீட்டுக்குக் கூட்டி வந்ததும் டாக்டரம்மாதான். வேண்டுமென்றே நடுப்பகலில், விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தார். உப்பளத்தில் வழக்கம்போல் எல்லாரும் நிமிர்ந்தார்கள். இந்தக் கார்தான் அவளை ஏற்றிப் போனது என்று தெரிந்தவர்கள் வரப்புகளில் ஓடி வந்தார்கள். ஒருத்தி மார்பில் அடித்துக்கொள்ளவே ஆரம்பித்துவிட்டாள். கார் நின்றது. உள்ளே இருந்த குழந்தை வீரிட்டது. அடித்துக்கொண்டிருந்தவள் கையை அப்படியே நிறுத்தி, "அடிப்பாவி, உசுரோடவா வந்துட்ட" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. மறைக்கத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியதும் டாக்டரம்மா ஜீப் ஓட்டுநரைக் கூப்பிட்டார். "அவங்க பயந்ததுல தப்பில்ல. அந்தப் பயத்தக் குடுத்ததே நம்ம வண்டிதான். இனிமே பொணத்துக்கு லைட்டு வேணாம். உசுரோட யாரு ஏறுனாலும் போடு" என்றார். ஓட்டுநருக்கு மனம் ஒப்பவில்லை. "செத்தவங்களுக்கு ஒரு மரியாத வேணாமாம்மா?" என்று கேட்டார்.

"மெதுவாப் போ. அதான் மரியாத."

ஊர் ஒரே நாளில் மாறிவிடவில்லை. ஆனால் விளக்கோடு போனவர்கள் பிள்ளையோடு திரும்பி வரவர, கூப்பிட்டனுப்புவது மெல்லக் கூடியது. பிறகு அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது.

சென்ற கோடையில் என் மகள் அவளுடைய ஸ்கூட்டரில் என்னை அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். இப்போது வரும் ஸ்கூட்டரில் விளக்கை அணைக்கவே முடியாதாம், கிளப்பினால் தானாக எரியுமாம். டாக்டரம்மா கேட்டிருந்தால் எவ்வளவு சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். எதிரே பழைய சைக்கிளில் வந்த ஒரு பெரியவர் விரல்களைக் குவித்து விரித்துக் காட்டினார். என் கை தானாக உயர்ந்து அசைந்தது. உப்பளம் வந்தது. அதே வெயில், அதே வெள்ளை. பாத்திகளில் ஆண்களும் பெண்களும் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் விளக்கோடு அவர்களைக் கடந்து போனோம். முன்னாலும் பின்னாலும் எத்தனையோ வண்டிகள் விளக்கோடு போயின.

ஒரு தலைகூட நிமிரவில்லை.