கோட்டுக்குள் நின்றவன்

என் பெரியம்மா மகன் டெல்வின் வலது கையில்தான் கடிகாரம் கட்டுவான். சொல்லிப் பார்த்தாலும் மாற்ற மாட்டான். இந்தக் கதைக்கு அது தேவைப்படும்.

அவன் அப்பா ததேயுஸ் மணவாளக்குறிச்சியில் வள்ளத்தில் போகிறவர். டெல்வினுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. ஏறிய அன்றே வாந்தி. அதனால் 2004இல் திங்கள்நகரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் போட்டோஷாப் படிக்கச் சேர்ந்தான். அங்கே ஒரு கணினிக்கு இரண்டு பேர். அவனோடு உட்கார்ந்தவள் ஜினிஷா, யேசுரத்தினம் வாத்தியாரின் மகள். அவன் மவுஸைப் பிடித்தால் அவள் கீபோர்டைத் தட்டுவாள். ஒரு படம் என்பது கண்ணாடித் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போன்றது, ஒவ்வொரு தாளும் ஒரு லேயர், லேயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கண் இருக்கும், அந்தக் கண்ணைத் தட்டினால் அந்தத் தாள் மட்டும் மறையும், மறுபடி தட்டினால் வரும் என்பதையெல்லாம் இருவரும் அங்கேதான் படித்தார்கள். தட்டித் தட்டி விளையாடுவார்களாம். அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. வாத்தியார் வீட்டு சபை வேறு, இவன் போகும் மாதா கோயில் வேறு. இவன் வாயைத் திறக்கவே இல்லை.

படிப்பு முடிந்து டெல்வின் சத்தியநேசன் அண்ணாச்சியின் ஸ்டுடியோவில் ஆல்பம் வேலைக்குச் சேர்ந்தான். குடும்பப் படத்தில் யாராவது கண்ணை மூடியிருந்தால், அடுத்த படத்திலிருந்து திறந்த கண்ணை எடுத்து வைத்துவிடுவான். அந்த வேலைக்கு இந்தப் பக்கத்தில் அவன் பேர்பெற்றவன்.

2007இல் ஜினிஷாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அபின், மஸ்கட்டில் வேலை. கல்யாணம் கழிந்த தம்பதி ஸ்டுடியோவுக்குப் போய் ஜோடியாக நின்று எடுக்கும் பெரிய படம்தான் எங்கள் பக்கத்து வீடுகளின் முன்னறையில் தொங்கும். அபினுக்கு அதற்கு நேரமில்லை. லீவு குறைந்துபோய் அந்த வாரமே விமானம் ஏறிவிட்டான். அங்கிருந்து மின்னஞ்சலில் ஒரு படம் அனுப்பினான். முகமும் தோளும் மட்டும். அபினின் அம்மா மருமகளைக் கல்யாணப் புடவையில் ஸ்டுடியோவுக்கு அழைத்துவந்தார்.

"தல இருக்கு, ஒடம்புக்கு எங்க போவேன்?" என்றார் சத்தியநேசன் அண்ணாச்சி. டெல்வினை ஏற இறங்கப் பார்த்தார். "லே, உயரம் சரியாட்டு இருக்கு. கோட்ட போட்டுட்டு பிள்ளைக்க பக்கத்துல நில்லு. தல வெட்டித்தானே போவப்போவுது!"

நின்றான். அண்ணாச்சிதான் படம் எடுத்தார். அதன்மேல் அபினின் தலையை ஒரு லேயராக டெல்வினே ஒட்டினான். எல்லா லேயரையும் ஒரே தாளாக அழுத்தி ஜேபிஜி ஆக்கி, சிடியில் போட்டு, சட்டமும் அடித்துக் கொடுத்தான். லேயர்கள் பிரியாமல் இருந்த பிஎஸ்டி கோப்பு அவன் பென் டிரைவுக்குப் போயிற்று. வேறெங்கும் நகல் இல்லை.

எட்டு வருடம் எங்கெங்கோ அலைந்துவிட்டு 2012இல் நான் ஊருக்கு வந்தபோது, வீட்டில் உட்காரப் பிடிக்காமல் அந்த ஸ்டுடியோவில்தான் போய் உட்காருவேன். ஒரு நாள் அவன் அந்தக் கோப்பைத் திறந்து, அபினின் தலைக்குப் பக்கத்திலிருந்த கண்ணைத் தட்டுவதைப் பார்த்தேன். அபின் மறைந்தான். ஜினிஷாவின் அருகே கோட்டு போட்டுக்கொண்டு டெல்வின் நின்றான்.

"ஏட்டி, அவனுக்கு நான் எதுல கொறஞ்சவன்?" என்றான் என்னிடம். "அவனுக்கு கழுத்தே இல்ல. எனக்க கழுத்துல தான் நிக்கியான். வீடு கெட்டியாச்சாம், மாடி உண்டாம். அவனுக்க வீட்டு சொவத்துல எனக்க ஒடம்பு தொங்குது, பேரு அவனுக்கு."

நான் பதில் சொல்வதற்குள் விளக்கு மினுங்கியது. கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத வருடம் அது. ஸ்டுடியோ யுபிஎஸ்ஸும் செத்துக் கிடந்தது. எதைச் செய்தாலும் உடனே சேவ் அடித்துவிடுவது அவன் விரல்களுக்குப் பழக்கமாகியிருந்தது. அப்போதும் அடித்தான். கரண்ட் போயிற்று.

மறுநாள் மண்டைக்காட்டில் ஒரு வீட்டு விசேஷத்துக்குப் படமெடுக்கப் போய்விட்டு வந்தவன், கணினியில் பென் டிரைவைத் தேடினான்.

"அபின் வந்தான்," என்றார் அண்ணாச்சி. "புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அந்த ஜோடிப் படத்த ஃப்ளெக்ஸ் அடிக்கணுமாம். சிடில உள்ளது சின்னது. பெரிசாக்குனா மொகம் கட்டங்கட்டமா ஒடஞ்சு போவும்லா? பெரிய ஃபைலு உனக்க பென் டிரைவுல கெடந்துது. அப்பிடியே எடுத்துக் குடுத்தேன். மார்த்தாண்டத்துக்குப் போயிருக்கான்."

டெல்வின் என்னைப் பார்த்தான். அபினின் தலை மறைந்த நிலையில்தான் அந்தக் கோப்பு சேவ் ஆகியிருந்தது.

"மக்கா, வண்டிய எடு."

மார்த்தாண்டத்தில் அச்சகத்துக்குள் நாங்கள் நுழைந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. படம் கால் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. ஷூ, புடவைக் கரை, கோட்டு, கை. தோளுக்கு இன்னும் கொஞ்சம்தான். அபின் இயந்திரத்தின் அருகில் குனிந்து நின்றான். ஜினிஷா கணினித் திரைக்கு முன்னால், அதை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றாள். திரையில் இருப்பதை அவள் பார்த்துவிட்டாள்.

"நிறுத்துங்க! கலர் மாறிப்போச்சு!" என்று கத்தினான் டெல்வின்.

ஆபரேட்டர் பகவதியப்பன் நிறுத்தினார். "ஷீட்டு பாழாப்போச்சே! முன்னாடியே வந்து சொல்லதுக்கு என்ன?"

டெல்வின் கணினியில் உட்கார்ந்தான். ஜினிஷா விலகி இடம் கொடுத்தாள். ஒரே தட்டு. அபினின் தலை வந்துவிட்டது. அதற்குள் அபின் பாதி அச்சான ஷீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"தம்பி, எனக்க தலைய ஒட்டுனது எனக்குத் தெரியும். தலைக்குக் கீழ இது யாரு?"

"கோட்டு," என்றாள் ஜினிஷா.

"கோட்டுக்குள்ள?"

"பொம்மை. ஜவுளிக்கடைல நிக்குமே, அது."

"பொம்ம வாச்சு கெட்டுமா? அதும் வலது கையில?"

அபின் ஷீட்டைப் பார்த்தான். பிறகு மவுஸைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான். அவன் காது சிவந்தது. தன் மனைவியிடம் ஒன்றும் கேட்கவில்லை. பகவதியப்பனிடம் கேட்டான்.

"இத இனி யாரும் பிரிக்க முடியாதபடி ஆக்க முடியுமா?"

"பிஎஸ்டினாதான் பிரிக்கலாம். எல்லாத்தயும் ஒண்ணா அழுத்தி ஜேபிஜி ஆக்குனா தீந்துது. ஒரே தாளு. அதுல ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது," என்றார் அவர்.

"வாச்ச அழி," என்றான் அபின் டெல்வினிடம். "அழிச்சிட்டு அந்த ஜேபிஜி ஆக்கு. மத்தத டிலீட் பண்ணு. நான் இங்கதான் நிக்கியேன்."

பக்கத்துத் தோலின் நிறத்தை எடுத்துக் கடிகாரத்தின்மேல் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசினான் டெல்வின். தன் கையைத் தானே துடைப்பதுபோல இருந்தது. பிறகு லேயர்களை ஒன்றாக்கும் கட்டளையைக் கொடுத்தான். கணினி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அபினின் முகத்துக்குக் கீழே இருந்த முகம் இல்லாமல் போயிற்று. பகவதியப்பன் பழைய அச்சுக் கோப்பின்மேல் புதியதைப் போட்டார். பென் டிரைவிலிருந்ததையும் டெல்வினே அழித்தான். அபின் தோளுக்கு மேலே நின்று பார்த்தான்.

வண்டியில் திரும்பும்போது டெல்வின் பின்னாலிருந்து சொன்னான்: "மொகம் அவனுக்கு இருந்துது, பொண்ணும் இருந்துது. ஒரு கை எனக்கு இருந்துட்டுப் போனா என்ன மக்கா?"

பால்காய்ப்பு அன்று படமெடுக்க டெல்வின்தான் வரவேண்டும் என்று அபின் ஆள் விட்டான். வேண்டுமென்றேதான். ஃப்ளெக்ஸுக்குக் கீழே ஜினிஷாவின் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "இப்ப எடு. இது எனக்க ஒடம்புதான்," என்றான். டெல்வின் ஒரே ஒரு முறை அமுக்கினான். கேமராவை உடனே இறக்கிவிட்டான்.

அடுத்த வாரம் அபின் ஆல்பத்தோடு ஸ்டுடியோவுக்கு வந்தான். பின்னால் ஜினிஷா.

"லே, இதுல எனக்க கண்ணு மூடியிருக்கே!"

டெல்வின் ஆல்பத்தை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, நிதானமாகப் பார்த்தான். அன்றைய மற்ற படங்களில் அபினின் திறந்த கண்கள் எத்தனையோ இருந்தன.

"செரிதான். மூடித்தான் இருக்கு."

"தொறந்து வையி. நீ வைப்பியன்னு ஊரே சொல்லுது."

"முடியாதே அண்ணே," என்றான் டெல்வின். "கேமராவுல இருந்து வந்ததே ஜேபிஜி. ஒரே தாளு. அதுல ஒருத்தனும் ஒண்ணும் செய்ய முடியாது. பகவதியப்பன் சொன்னாருல்லா?"

ஒரே கணினியில் உட்கார்ந்து படித்த ஜினிஷா, முந்தானையால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே இறங்கிப் போனாள்.