பெரிய நட்சத்திரமும் நமசிவாயம் சாரும்

மேலகரத்தில் நமசிவாயம் சார் என்றால் இரண்டு விஷயம் எல்லோருக்கும் தெரியும். ஒன்று அவர் உடம்பு, இன்னொன்று அவர் வாய். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்தன. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் என் வேலை பாதியாகக் குறைந்திருக்கும்.

நான் வீட்டோடு இருந்து நோயாளி பார்க்கப் பயிற்சி எடுத்தவள். நோயாளியின் இடுப்பில் பெல்ட் கட்டு, பலவீனமான பக்கம் நில், தூக்காதே, அவராக எழட்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். சாரைத் தூக்க யாராலும் முடியாது என்பது வேறு விஷயம்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். மனைவி போன பிறகு ஒரு தொலைநோக்கி வாங்கி வானத்தைப் பிடித்துக்கொண்டார். குற்றாலத்தில் சாரல் தொடங்கினால் வானம் தெரியாது. அந்த நாள்களில் என்னைப் பிடித்துக்கொள்வார்.

மார்கழியில் குளியலறையில் விழுந்தார். சென்னையிலிருந்து மகன் கோமதிசங்கர் வந்தான். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா சென்னைக்குக் கூட்டிட்டுப் போயிருவேம்ப்பா. பேச்சே கிடையாது" என்றான். சாருக்கு அந்த அடுக்குமாடி வீட்டை நினைத்தாலே கசப்பு. அங்கே வானம் பால்கனி அகலம்தான் என்பார்.

இந்த நிலைமையில்தான் குற்றாலம் நூலகர் ஜாஹிரா பீவி வந்தாள்.

"சார், நட்சத்திரம் பத்தி ஒரு கூட்டம் வைக்கோம். நீங்க பேசணும், தொலைநோக்கியில காட்டவும் செய்யணும்."

"எப்பம்மா?"

"ஆடியில. சீசனுக்கு அப்பதான் ஆள் வரும்."

"ஆள் வரும். நட்சத்திரம் வராதே."

"எப்பவும் ஆடியிலதான் சார் வைக்கோம்."

சார் ஒப்புக்கொண்டார். காட்ட முடியாத பொருளைப் பற்றிப் பேசுவதுதான் வசதி என்றார். அவர் எடுத்துக்கொண்டது வயதாகி ஊதிப்போன ஒரு பெருநட்சத்திரம். அதைச் சுற்றி ஒரு துணை. கோளைவிடக் கனமானது, ஆனால் நட்சத்திரமாக எரிய எடை போதாது.

"அந்தத் துணையை யாரும் பார்த்ததில்ல, நர்சம்மா. பெருசு லேசா ஆடுது. அதை வச்சுத்தான் பக்கத்துல ஒண்ணு இருக்குன்னு கண்டுபிடிச்சாங்க."

"நீங்க ஆடினா உங்க மகனும் கண்டுபிடிச்சிருவாரு. உக்காந்தே பேசுங்க."

கூட்டத்தன்று நல்ல சாரல். வந்தவர்கள் குடைகளைக் கதவோரம் சாய்த்தார்கள். தண்ணீர் மெல்லத் தரையெல்லாம் பரவியது. மேசைமேல் நிறுத்தியிருந்த ஜாஹிராவின் கைப்பேசியில் கோமதிசங்கர் பார்த்துக்கொண்டிருந்தான். சார் ஒழுங்காக உட்கார்ந்துதான் பேசினார், பிரியாணிக் கடை மசூது வாய் திறக்கும் வரை.

"சின்னது பெருசைச் சுத்துது, சரி. பெருசு எதுக்கு சார் ஆடணும்?"

சார் எழுந்துவிட்டார். "நர்சம்மா, கையைக் குடுங்க."

வலது கையால் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஒரு கையால் அவர் பெல்ட்டைப் பிடித்தபடி அவரை மெல்லச் சுற்றினேன். அவர் நின்ற இடத்திலேயே திரும்பினார், லேசாக ஆடிக்கொண்டு.

"பாரும்வே மசூது. இவங்க என்னைச் சுத்துதாங்க. நானும் சும்மா நிக்கல, ஒரு புள்ளியைச் சுத்துதேன். அந்தப் புள்ளி என் தொந்திக்குள்ள இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அப்போது குடைத் தண்ணீரில் என் கால் வழுக்கியது. விழும்போது நோயாளியை விட்டுவிடு என்று எந்த வகுப்பிலும் சொல்லவில்லை. நானாகத்தான் விட்டேன், கையையும் பெல்ட்டையும். விடாமல் இருந்திருந்தால் அவர் என்மேல் விழுந்திருப்பார், இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன்.

சார் மேசை விளிம்பைப் பிடித்தார். நின்றார். யாரும் தொடவில்லை.

"துணை விழுந்துட்டு" என்றார் கூட்டத்தைப் பார்த்து. "அங்கன வானத்துல பெருசு இன்னும் ஊதினா அதை முழுங்கினாலும் முழுங்கிரும். நான் அப்படிப்பட்டவன் இல்ல."

மேசை ஆடியதில் கவிழ்ந்துபோன கைப்பேசி அலறியது. "என்ன சத்தம்? அப்பா விழுந்துட்டாங்களா?"

தரையிலிருந்தே சொன்னேன். "நான்தான் தம்பி விழுந்தேன். என்னைச் சென்னைக்குக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"அப்பா யாரைப் பிடிச்சுக்கிட்டு நிக்காங்க?"

"மேசையை."

"சரி" என்றான். "வீட்டுக்கு ஒரு கனமான மேசையா பார்த்து அனுப்புதேன்."

என் முழங்கை வீங்கிவிட்டது. ஐஸ் எப்படி வைக்க வேண்டும் என்று ஆட்டோவில் மேலகரம் வரைக்கும் எனக்கே பாடம் நடத்திக்கொண்டு வந்தார் சார்.