ஞாயிற்றுக்கிழமையை வைத்து ஆடிய ஆட்டம்

எங்கள் கம்பெனி பஸ் திருவள்ளூரில் கிளம்பிக் கும்மிடிப்பூண்டி போய்ச் சேருவதற்குள் கடைசி வரிசையில் மூணு சீட்டு ஆட்டம் களைகட்டிவிடும். காசு வைக்க மாட்டோம். மாட்டினால் வேலை போய்விடும். அதனால் டூட்டியை வைத்து ஆடுவோம். தோற்றவன் ஜெயித்தவனுடைய டூட்டியைப் பார்க்க வேண்டும். இதற்குக் காசே தேவலை என்று எனக்கு ஒரு வெள்ளிக்கிழமைதான் புரிந்தது.

நான் ஆட்டத்துக்குப் புதுசு. சீட்டு நல்லதோ கெட்டதோ, எதிராளி எவ்வளவு வைக்கிறானோ அவ்வளவே வைத்துக்கொண்டு பின்னாலேயே போவேன், கடைசியில் தோற்பேன். எங்கள் கிரேன் ஆபரேட்டர், என் வயசுக்காரன்தான், வாய் மட்டும் ஊருக்கே கேட்கும், தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னாடா நீ, வாலப் புடிச்சிக்கினே வர்ற? சீட்டு நல்லா இல்லன்னா கவுத்துட்டு கம்முனு குந்து. ஆட்டத்துல இருக்கணும்னா ஏத்து. எதிர்ல இருக்கறவன் பயப்படணும்டா."

அந்தப் புத்தியை அவனிடமே காட்டப் போனேன். கொழுப்புதானே?

அந்த வெள்ளிக்கிழமை என் கையில் ஒன்பது, நாலு, ரெண்டு. ஒன்றுக்கும் உதவாத சீட்டு. மற்றவர்கள் கவிழ்த்துவிட்டார்கள், அவனும் நானும்தான் மிச்சம். ஆளுக்கு ஒரு நைட் ஷிப்ட் ஏற்கெனவே வைத்திருந்தோம். நானும் கவிழ்த்திருந்தால் அந்த ஒரு ராத்திரியோடு போயிருக்கும். "ஞாயித்துக்கிழமை டூட்டி" என்று ஏற்றினேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை திருப்பாச்சூர் கோயிலில் என் மகளுக்குக் காதுகுத்து. என் மனைவிக்குக் கூடப்பிறந்தவர்கள் யாரும் இல்லை. தாய்மாமன் மடி கிடையாது, என் மடியில்தான் உட்காரவைத்துக் குத்த வேண்டும். ஓவர்டைம் என்று சொல்லி ஒரு தடவை தள்ளிப்போட்டும் ஆயிற்று. "இந்த வாட்டியும் டூட்டின்னு சொன்ன, ஊட்டுப் பக்கமே வராத" என்று அவள் சொல்லியிருந்தாள். விளையாட்டுக்குச் சொல்கிறவள் இல்லை.

அவன் என்னையே பார்த்தான். 'காட்டு' என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் தீர்ந்தேன். கையிலிருந்த சீட்டு நடுங்கியது. முழங்கால் ஆடிய ஆட்டத்தில் மடியிலிருந்த பைக்குள் டிபன் பாக்ஸ் கடகடவென்று சத்தம் போட்டது. ஐயோ, பாழாய்ப்போன உடம்பே, இப்படியா காட்டிக்கொடுப்பாய்!

அவன் சட்டென்று சீட்டைக் கவிழ்த்தான். அப்புறம் எல்லோருக்கும் திருப்பிக் காட்டினான். இரண்டு ராஜா வைத்திருந்தான், படுபாவி.

"இவன் கையப் பாருங்கடா! புதுசா ஆடறவனுக்கு இப்டி ஒதறுச்சுனா மூணும் ஒரே நம்பரு, அதுக்கு மேல சீட்டே கெடையாது. என்னாண்டயா மச்சி?"

எல்லோரும் அவன் சாமர்த்தியத்தை மெச்சினார்கள். நான் என் சீட்டைக் காட்டாமல் கட்டுக்குள் செருகினேன்.

ஞாயிற்றுக்கிழமை மொட்டைத் தலையோடு மகள் என் மடியில் உட்கார்ந்தாள். பத்தர் ஊசியை எடுத்தார். நான் இந்த நேரத்தில் ஷெட்டில் நின்றுகொண்டிருந்தால் என்ற நினைப்பு அப்போதுதான் முழுசாக வந்தது. முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்தது. அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, காலு ஆடுது? பயந்துக்கினியா?"

கிரேன்காரனை ஏமாற்றிய நடுக்கம் இவளிடம் பலிக்கவில்லை. "ஆமாண்டா கண்ணு" என்றேன்.

"எனக்குத்தான குத்தப் போறாங்க?" என்று சொல்லி, என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.