மெட்டில் நிற்காத ஜீப்பு

எங்கள் ஜீப்பில் ராமுத்தாய் உட்காருவது நடுச் சீட்டில், பக்கத்தில் தங்கை மகாராணி. இருவரும் சிலமலை கிராமத்துக்காரர்கள். விடிவதற்குள் போடிக்கு வந்து, என்னைப் போலவே ஜீப்பு ஏறி, போடிமெட்டு தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறவர்கள். புருஷன் செத்த பிறகு ராமுத்தாய்க்குத் தங்கைதான் எல்லாம். யாரிடமும் அதிர்ந்து பேசியவள் இல்லை.

ஜீப்பில் ஒரு வழக்கம் உண்டு. மலை ஏறும்போது ஆம்பளைகளில் யாராவது ஓரங்கட்டச் சொன்னால் டிரைவர் ஜக்கையன் எந்த வளைவிலும் நிறுத்துவார். இறங்கி, திரும்பி நின்று, காரியத்தை முடித்து, பீடியும் பற்றவைத்து ஆற அமர ஏறுவார்கள். பெண்கள் கேட்பதில்லை. கேட்கும்படி ஆகிவிடக் கூடாதென்று காலையில் தண்ணீரே குடிக்காமல் வருவோம். தோட்டத்துக்குப் போய்விட்டால் செடி மறைவு இருக்கிறது. இப்படி அடக்குவதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிற புண்ணியவதிகளும் எங்களுக்குள் உண்டு.

மகாராணிக்கு அது நீர்க்கடுப்பாகிக் காய்ச்சலாகிச் சிறுநீரகம் வரை போய்விட்டது. நிறையத் தண்ணீர் குடி, அடக்காதே என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். அதிலிருந்து ராமுத்தாய்தான் ஜக்கையனிடம் தினமும் கெஞ்சுவாள். மனசு நன்றாயிருக்கிற நாளில் அவர் மெட்டில் நிறுத்துவார், தர்மம் போடுவதுபோல. மற்ற நாளில் மகாராணி பல்லைக் கடித்துக்கொண்டு வருவாள்.

ஒருநாள் ஜீப்பு ஸ்டாண்டில் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு ஒருவன் வந்தான். தோட்டத்துப் பெண்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். ராமுத்தாய் தங்கையை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பேசினாள்.

"மெட்டுல டீக்கடைக்குப் பின்னாடி கக்கூசு இருக்குய்யா. தெனமும் அங்கன கொஞ்ச நேரம் நிறுத்துனாப் போதும். ஆம்பளைக்கு நிக்கிற வண்டி பொம்பளைக்கும் நிக்கட்டுமே. ஆம்பளையும் பொம்பளையும் ஒண்ணுதேன?"

அந்தப் பயல் மற்றதையெல்லாம் வெட்டிவிட்டுக் கடைசி வரியை மட்டும் நெட்டில் போட்டான். போன் வைத்திருந்தவர்கள் கையிலெல்லாம் அவள் முகம். ஒன்று என்றால் மூட்டை தூக்கு, ஓசி பஸ்சில் ஏறாதே, புருஷன் இல்லாத திமிர், இதுதான் பெண்ணியம் என்று முகம் தெரியாதவர்களெல்லாம் எழுதித் தள்ளினார்கள். பெண்ணியம் என்றால் கெட்ட வார்த்தையா என்று ராமுத்தாய் என்னிடம் கேட்டாள். இல்லை, நல்ல வார்த்தைதான் என்றேன். அவள் நம்பவில்லை. எங்கள் ஜீப்பு ஆம்பளைகளும் மலை நெடுக அதை ஓடவிட்டுச் சிரித்தார்கள். அவள் அவர்களுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஸ்டாண்டில் மற்ற டிரைவர்கள் ஜக்கையனைக் கேலி பேச, அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் சாவியைத் திருகும் முன் பின்னால் திரும்பிச் சொன்னார்.

"சமந்தான கேட்டீக? இனிமே தோட்டம் போற வரைக்கும் வண்டி யாருக்கும் நிக்காது. இப்பச் சமமாப் போச்சுல்ல."

ஆம்பளைகளுக்கு என்ன போயிற்று? ஸ்டாண்டுச் சுவரில் முடித்துவிட்டு ஏறினார்கள். நாங்கள் எந்தச் சுவருக்குப் போவது?

மெட்டில் எப்போதாவது நின்றதும் போயிற்றே என்று பெண்களின் கோபமும் ராமுத்தாய் மேல்தான் விழுந்தது. அவள் ஜக்கையனிடம் போய் அழுதாள். போனைப் பார்த்து மன்னிப்புக் கேள், பிறகு பார்க்கலாம் என்றார். ஜீப்பு முன்னால் கைகூப்பி நின்று, தான் பேசியது தப்பு, பொம்பளை பொம்பளைதான் என்று சொன்னாள். அதையும் போட்டார்கள், அதற்கும் சிரித்தார்கள். மறுநாளிலிருந்து ஜீப்பு நின்றது, ஆம்பளைகளுக்கு மட்டும். உங்களுக்கு நிறுத்தினால் அதையும் படம் பிடித்துப் போடுவீர்கள் என்று ஜக்கையன் எங்களிடம் சொல்லிவிட்டார்.

மகாராணி தண்ணீர் குடிப்பதை மறுபடியும் நிறுத்திவிட்டாள். ஒரு நாள் காயெடுத்துக்கொண்டிருந்தவள் குளிர்காய்ச்சலில் உதறி, செடியோடு சரிந்தாள். அதே ஜீப்பில்தான் போட்டுக்கொண்டு இறங்கினோம். ஜக்கையன் பதறிப்போய் வெரசாக ஓட்டினார். கெட்ட மனுசன் என்றும் சொல்ல முடியவில்லை, அதுதான் கொடுமை.

ஆஸ்பத்திரியில் ராமுத்தாய் தங்கையின் காலைப் பிடித்துக்கொண்டு, கலெக்டரிடமே போய்ச் சொல்லப்போவதாக அழுதாள். மகாராணி கண்ணைத் திறந்தாள்.

"வேணாங்க்கா. எனக்காக இனி யார்ட்டயும் பேசாத. முன்னயாச்சும் கெஞ்சுனா வண்டி நின்னுச்சு."

ராமுத்தாய் சரி என்று தலையாட்டினாள்.