குண்டுக்கென்று ஒரு தனி ஓவன்

இன்று காலை அமெரிக்காவிலிருந்து தங்கை வீடியோ காலில் வந்தாள். குறிபார்த்துச் சுடுவது அவள் கணவருக்குப் பொழுதுபோக்கு. குண்டையும் வீட்டிலேயே ஈயத்தில் வார்த்துக்கொள்கிறார்.

"முன்னெல்லாம் சுட்டுட்டு வந்தா, துப்பாக்கிக் குழாயில ஒட்டின ஈயத்தை நாள் பூரா சுரண்டுவாருக்கா. இப்ப குண்டு மேல கலர் பவுடர் பூசி ஓவன்ல வச்சு எடுக்கிறாரு. ஈயம் ஒட்டுறதே இல்ல. ரெண்டு துணி விட்டு எடுத்தா குழாய் சுத்தம். அப்புறம் ரெண்டு பேருமா கோயிலுக்குப் போயிடுவோம்."

"அந்த ஓவன்லயா கேக் செய்யிற?"

"சீ, அது குண்டுக்குன்னே தனியா வாங்குனது."

முருகா, மன்னித்துவிடு. வயிறு எரிந்தது. இரண்டு ஓவன் இருப்பதற்காக அல்ல, ஜோடியாகக் கோயிலுக்குப் போகிறாளே, அதற்காக.

இங்கே பர்மாவில், தின்கன்ஜூனில், என் வீட்டுக்காரரின் ஞாயிறு ஜெனரேட்டரோடு கழிகிறது. அதில் படிந்த கரியை அவர் சுரண்டி முடிப்பதற்குள் கோயில் நடை சாத்திவிடுவார்கள். நான் தனியாகப் போய் இருவர் பேருக்கும் அர்ச்சனை செய்துவிட்டு வருவேன்.

இன்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தங்கை சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கரிக் கையோடு கேட்டவர் பெருமூச்சு விட்டார். மனம் இளகிவிட்டது என்று நினைத்தேன்.

"ஏம்மா, ஓவன்ல வச்சு எடுக்கிற வரைக்கும் அங்க கரண்டே போகாதா?"

பொறாமைப்படுவதில்கூட நாங்கள் ஜோடி சேரவில்லை. உங்கள் வீட்டில் எப்படி?